முக்திநாத் போக ஜோம்சோம் சின்ன விமானம்: 71 வயது அம்மாவை ஏற்றலாமா?

கேட்டவர்: பெருங்குளத்தான்

வணக்கம். அக்டோபரில் அம்மாவையும் சித்தியையும் நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோவிலுக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். வடநாட்டுத் திவ்யதேசங்களில் அம்மாவுக்கு திருச்சாளக்கிராமம் என்னும் இந்த முக்திநாத் ஒன்றுதான் பாக்கி, பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முட்டி வலி உள்ளவர், பொக்காராவில் இருந்து ஜீப்பில் ஒரு நாள் முழுக்கக் குலுங்கிப் போக முடியாது, அதனால் கோவிலுக்குக் கீழே உள்ள ஜோம்சோம் ஊர் வரை விமானம் என்று முடிவு செய்து பாதிப் பணமும் கட்டியாச்சு. இப்போது தம்பி, 2022இல் அதே வழியில் போன தாரா ஏர் விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்த செய்தியை அனுப்பி, "நாற்பது வருஷத்துப் பழைய விமானத்துல அம்மாவ ஏத்தப் போறியா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய விமானம் என்பதுதான் காரணமா? புது விமானம் வைத்திருக்கும் கம்பெனியாகப் பார்த்து எடுத்தால் போதுமா? டிராவல்ஸ்காரர் "தினமும் பறக்குது சார், ஒண்ணும் ஆகாது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

பதில்: மேகமலை

உங்கள் தம்பி பயப்படுவது சரி, ஆனால் காரணம் அது இல்லை. 2022 மே 29 அன்று விழுந்த ட்வின் ஆட்டர் (இரண்டு எஞ்சின் உள்ள சின்ன விமானம்) 1979இல் கட்டியது, உண்மைதான். ஆனால் 2016 பிப்ரவரி 24 அன்று அதே கம்பெனியின் இன்னொரு ட்வின் ஆட்டர் அதே பொக்காரா - ஜோம்சோம் வழியில் மலையில் மோதி 23 பேரும் இறந்தார்கள், அது வாங்கி ஓராண்டுகூட ஆகாத புத்தம் புது விமானம். பழசும் மோதியது, புதுசும் மோதியது. இரண்டிலும் விசாரணை அறிக்கை சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய விமானம் மேகத்துக்குள் போய் வழி தப்பியது.

அந்த வழி எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இது புரியும். பொக்காரா 2,700 அடி உயரம்தான். அங்கிருந்து கிளம்பி கோரேபானி மேட்டைத் தாண்டி காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். இந்தச் சின்ன விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது, ஆகவே பெரிய விமானம் போல மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விட முடியாது, இரண்டு மலைகளுக்கும் நடுவில் ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் போயாக வேண்டும். அந்த இடத்தில் மேகம் கண்ணை மறைத்தால் விமானத்தைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

2022இல் மலை நெருங்குவதை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கைக் கருவி விமானத்தில் இருந்தது, ஆனால் முடக்கி வைத்திருந்தார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் எந்நேரமும் இரண்டு பக்கமும் மலைதான் என்பதால் அது ஓயாமல் கத்தும், அதனால் அணைத்துவிடும் பழக்கம். நிஜமாகவே மலை எதிரில் வந்தபோது சொல்ல ஆளில்லை. விமானம் ஒரு கோளாறும் இல்லாமல், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுமார் 14,500 அடியில் பாறையில் போய் மோதியது. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அதில் 4 பேர் நம் நாட்டவர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான், கிளம்பும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் வானம் தெளிந்திருந்தால் போதாது, வழி முழுக்கச் சரியாக இருக்க வேண்டும் என்று நேபாளத்தில் விதி போட்டார்கள். ஆகவே கம்பெனியைத் தேடுவதைவிட, விமானம் ரத்தானால் ரத்தாகட்டும் என்று இருக்கும்படி நாள் ஒதுக்குங்கள்.

பதில்: ஸ்ரீரங்கத்து மருமகள்

நாங்கள் 2019இல் இதே விமானத்தில் போனோம். முதல் நாள் காலை ஐந்து மணிக்கே பொக்காரா ஏர்போர்ட், பத்து மணி வரை உட்கார வைத்துவிட்டு ரத்து என்றார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. எங்கள் குழுவில் இருபது பேர், ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது, கவுண்டரில் இருந்த பையனை எல்லோருமாகச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள், பொக்காராவில் நன்றாக வெயில் அடிக்கிறதே என்று நானும் சத்தம் போட்டேன். மேகமலை எழுதியதைப் படிக்கும்போது அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவன் மட்டும் எங்களுக்குப் பயந்து ஏற்றி அனுப்பியிருந்தால்?

மூன்றாம் நாள் போனோம். காதில் வைக்கப் பஞ்சும் ஒரு மிட்டாயும் கொடுத்தார்கள். முன்னால் கதவு கிடையாது, பைலட் இருவரின் பின்கழுத்தும் எனக்குத் தெரிந்தது, வழி நெடுக இடமும் வலமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே மரத்தின் கிளையை எண்ணிவிடலாம் போல மலை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதீர்கள், பயந்துவிடுவார்.

பதில்: கம்பம் ஜீப்

ஜீப் என்றால் பத்திரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். வழியில் வரும் பேனி ஊருக்கு மேலே சாலை ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவில்தான், மழைக்காலத்தில் மண் சரியும். அக்டோபர் பரவாயில்லை. இன்னொன்று, விமானத்தில் போனால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் 2,700 அடியில் இருந்து சுமார் 9,000 அடிக்குப் போய்விடுவீர்கள், கோவிலோ 12,000 அடிக்கும் மேலே. வயதானவர்களை இறங்கின கையோடு கோவிலுக்குக் கூட்டிப் போகாமல் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்க வையுங்கள். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோவிலில் குளிக்கிற 108 தாரையிலும் தண்ணீர் உறைகிற குளிராக இருக்கும், தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

கேட்டவர்: பெருங்குளத்தான்

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கும் இதை அனுப்பினேன். ஒரு சந்தேகம், காலை விமானம் ரத்தானால் மதியம் ஏற்றிவிடுகிறேன் என்கிறார் டிராவல்ஸ்காரர். அது சரிவருமா? அப்புறம், நான்காம் நாள் காத்மாண்டுவில் இருந்து திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறார்.

பதில்: மேகமலை

மதியம் என்று சொல்கிறவருக்கு அந்த ஊர் தெரியவில்லை. வெயில் ஏற ஏற திபெத்துப் பக்கத்து மேட்டுநிலம் சூடாகி, கீழே இருந்து காற்றை அந்தப் பள்ளத்தாக்கு வழியே இழுக்கும், பத்து பதினொன்றுக்கு மேல் ஜோம்சோமில் ஆளை நிற்கவிடாத காற்று. விமானம் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். இறங்குவதும் அங்கே லேசு இல்லை, 2012 மே 14 அன்று இறங்க வந்து, முடியாமல் திரும்பிய அக்னி ஏர் விமானம் ஓடுபாதைக்குப் பக்கத்து மலையில் இறக்கை இடித்து விழுந்து 15 பேர் இறந்தார்கள், அதில் முக்திநாத் போக வந்த நம் நாட்டு யாத்திரிகர்கள் பலர்.

காத்மாண்டு டிக்கெட்டை முதலில் மாற்றுங்கள் அண்ணா. பொக்காராவில் போகும்போது இரண்டு நாள், ஜோம்சோமில் திரும்பும்போது ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். பணம் கொஞ்சம் போகும், போகட்டும். அந்த மூன்று நாளும் தேவைப்படாமல் போனால் பொக்காராவில் ஏரிக்கரையில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்திருக்கட்டும்.