சார்பு எந்தப் பக்கம்? – ஒரு கலைச்சொல் விவாதம்

வகுப்பாசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

திங்கள் காலை லினக்ஸ் அறிமுக வகுப்பு. புதிதாக டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டை ஏற்றிய கணினியில் மென்பொருள் நிறுவும்போது வரும் பிழைச்செய்திகளுக்கு ஒரு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வேலை தானாக முடிந்தது. 'பொதியை (நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருளை)க் காணவில்லை' என்று வந்தால் முதலில் பட்டியலைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். 'பூட்டு கிடைக்கவில்லை' என்று வந்தால் பின்னணியில் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுப் பூட்டுக் கோப்பை அழிக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் தமிழ் தடையில்லாமல் வந்தது. மாட்டிக்கொண்டது 'டிபென்டன்சி'யில்: ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேறொன்று வேண்டியிருப்பதைக் குறிக்கும் சொல், தமிழில் பலர் 'சார்பு' என்று எழுதுவது.

சென்ற வாரம் ஒரு மாணவர், வேறொரு வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட பொதியை இறக்கி நிறுவப் பார்த்தார். அதற்கு லிப்சி6 என்ற அடிப்படை நூலகப் பொதி குறைந்தது 2.38ஆம் பதிப்பு வேண்டும். டெபியன் 12-இல் இருப்பதோ 2.36. டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் மறுத்துவிட்டது. அந்தச் செய்தியைப் பலகையில் இப்படி எழுதினேன்: "பின்வரும் பொதிகளுக்கு நிறைவேறாத சார்புகள் உள்ளன. நீங்கள் உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்." மாணவர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, "நான் எதையும் பிடிக்கவில்லையே" என்றார். சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "இதில் சார்பு என்பது எது? நான் நிறுவப் பார்ப்பதா, இல்லாமல் போனதா?" எனக்கே ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்:

முதலில் அந்த 'பிடித்து வைத்திருக்கிறீர்கள்'. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். ஒரு பொதியை மேம்படுத்தாமல் நிறுத்திவைக்கும் வசதி ஆப்ட்டில் உண்டு. மூலச் செய்தியில் உள்ள சொல் அதைக் குறிப்பது. ஆனால் எதையும் நிறுத்திவைக்காதவருக்கும் இதே செய்தி வரும். ஆங்கிலத்தில் படிப்பவர்களும் இதில் திண்டாடுகிறார்கள். "சிக்கலைத் தீர்க்க இயலவில்லை, சில பொதிகளுக்கு வேண்டியவை கிடைக்கவில்லை" என்று கருத்தை எழுதினால் போதும்.

'சார்பு' விஷயத்தில் நான் பழமைவாதி. பல மென்பொருள்களின் தமிழ்க் கோப்புகளில் அது ஏறிவிட்டது. இப்போது மாற்றினால் பாதி இடத்தில் பழைய சொல்லும் பாதி இடத்தில் புதிய சொல்லும் நிற்கும். ஆகவே சார்பே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பின்வரிசை மாணவருக்கு என் வணக்கம். அவர் கேட்டது இலக்கணக் கேள்வி. 'சார்பு' என்ற சொல்லை வைத்து நம் இலக்கணம் செய்த வகைப்பாடு ஒன்று உண்டு: முதலெழுத்து, சார்பெழுத்து. இதில் சார்பெழுத்து எது? தாங்குவது அன்று, சார்ந்து நிற்பது. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்று மூன்றைச் சொல்லும். நன்னூல் பத்தாக்கி, உட்பிரிவுகளோடு 369 என்று கணக்குக் காட்டும். உயிரும் மெய்யும் இல்லாமல் உயிர்மெய் இல்லை. அப்படியிருக்க, நீங்கள் லிப்சியைச் 'சார்பு' என்கிறீர்கள். அதுதான் முதல்! அதைச் சார்ந்து நிற்கும் மென்பொருளே சார்பு. தலைகீழாக எழுதிவிட்டு மாணவருக்குப் புரியவில்லை என்றால் எப்படி?

ஆய்தத்தையும் பாருங்கள். தனக்கு முன்னே ஒரு குறில் வேண்டும், பின்னே ஒரு வல்லின உயிர்மெய் வேண்டும். எஃகு, அஃது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆய்தம் வராது. குறில் இருக்கும் இடத்தில் நெடில் வந்தாலும் ஒத்துக்கொள்ளாது. 2.38 கேட்ட பொதி 2.36-ஐ ஏற்க மறுத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நிரலர்:

ஐயா, ஆய்த ஒப்புமை அருமை. நாளை முதல் நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் கையேடு திங்கட்கிழமை வேண்டும். எல்லோரும் வாயால் சொல்வது 'டிபென்டன்சி'. மாணவர் நாளைக்கு இணையத்தில் தேடப்போவதும் அதைத்தான். அப்படியே எழுதிவிட்டு அடைப்புக்குறியில் ஒரு விளக்கம் கொடுத்தால் என்ன?

'சார்பு' எனக்கும் பிடிக்காது, வேறு காரணத்துக்காக. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்றால் எக்ஸ் போட்டால் ஒய் வரும் சமாசாரம். செய்தித்தாளில் ஒருவர் சார்பாக நடந்துகொண்டார் என்றால் பாரபட்சம். 'சார்பில்' என்றால் ஒருவருக்குப் பதிலாக. ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கும்?

தமிழாசிரியர்:

'டிபென்டன்சி' என்று எழுதுங்கள், தடுக்க யார்? ஆனால் ட தமிழில் மொழிமுதல் எழுத்தன்று என்பதை அடைப்புக்குறியில் சேர்த்து எழுதுங்கள்.

நிரலர்:

ல-வும்தான் மொழிமுதல் வராது, ஐயா. லினக்ஸை இலினக்சு ஆக்கி, டெபியனை இடெபியன் ஆக்கி முடித்துவிட்டு இதற்கு வருவோமா?

குறள் வாசகர்:

இருவரும் மன்னிக்க வேண்டும். 'மெய்யுணர்தல்' அதிகாரத்தில் 359ஆம் குறள் "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்" என்று தொடங்குகிறது. முதல் சார்புக்குப் பரிமேலழகர் எல்லாப் பொருளுக்கும் சார்பாய் நிற்கும் செம்பொருள் என்று உரை காண்கிறார். அதாவது தாங்குவது. அடுத்து வரும் சார்பு, பற்று. அதாவது போய் ஒட்டிக்கொள்வது. ஒரே அடியில் ஒரே சொல் இரண்டு திசையிலும் ஓடுகிறது! ஆகவே சார்பெழுத்தைக் காட்டி மட்டும் இதை முடிக்க முடியாது.

சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை: வேண்டியதையெல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டு, அமைப்பிடம் எதுவும் கேட்காமல் வரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவை சார்பு கெட ஒழுகுபவை. அவற்றைச் சார்தரும் நோய் எதுவும் சாராது. வட்டில் இடம் மட்டும் போகும்.

ஒருங்கிணைப்பாளர்:

குறளுக்கு நன்றி. சொல் இன்னும் வரவில்லை.

'சார்பொதி' என்று வைத்தால்? கணக்குப் புத்தகத்தோடு மோதாது. பழைய கோப்புகளில் உள்ளதிலிருந்து வெகுதூரமும் இல்லை.

தமிழாசிரியர்:

சார்பொதி வினைத்தொகை. சார்ந்த பொதி, சார்கின்ற பொதி, சாரும் பொதி. காலம் மறைந்திருப்பதை விடுங்கள். பெயரெச்சம் செய்பவனையும் ஏற்கும், செயப்படுபொருளையும் ஏற்கும். படித்த மாணவன், படித்த நூல். 'நான் சார்ந்த கட்சி' என்றால் கட்சி என்னைத் தாங்குகிறது. 'என்னைச் சார்ந்த பிள்ளைகள்' என்றால் நான் அவர்களைத் தாங்குகிறேன். இரண்டிலும் 'சார்ந்த'தான். ஆகவே சார்பொதி என்றாலும் அந்தப் பின்வரிசை மாணவர் மறுபடி கை தூக்குவார். இருக்கிற நோய்க்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தாங்குவதைத் 'தாங்குபொதி' என்று சொல்லுங்கள். அல்லது கொடி படரும் கொழுகொம்பை நினைத்துக் 'கொம்புப்பொதி'.

நிரலர்:

கொம்புப்பொதி! பொதி என்றதும் கழுதை நினைவுக்கு வருகிறவர்கள் வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறார்கள். இப்போது அதற்குக் கொம்பும் முளைக்கிறது.

ஆனால் ஐயா சொன்ன திசை நியாயம் எனக்கு உறைத்துவிட்டது. கருவிக்கும் இது இரண்டு கேள்வி. 'ஆப்ட் டிபென்ட்ஸ்' கொடுத்தால் இந்தப் பொதிக்கு என்னென்ன வேண்டும் என்று வரும். 'ஆப்ட் ஆர்டிபென்ட்ஸ்' கொடுத்தால் இந்தப் பொதியை எவையெல்லாம் கேட்கின்றன என்று வரும். ஒன்றை நீக்கும் முன் இரண்டாவதைப் பார்க்காமல் போய், திரை முழுவதையும் இழந்து கறுப்பு முனையத்தில் நின்றவன் நான். இரண்டுக்கும் 'சார்பு' என்று எழுதினால் ஆளைத் தெரிந்தே பள்ளத்தில் தள்ளுவதாகும். 'டிபென்டன்சி'யைத் திரும்பப் பெறுகிறேன்.

குறள் வாசகர்:

ஒரு கிளைக் கேள்வி. மென்பொருள் பிழைக்கு 'வழு' என்ற சொல் நிலைத்துவிட்டது. தெரிந்தே சரிசெய்யாமல் விடும் பிழைக்கு நிரலர்கள் என்ன சொல்கிறார்கள்? இலக்கணத்தில் அதற்கு ஆயத்தமாக ஒரு சொல் காத்திருக்கிறது: வழுவமைதி.

நிரலர்:

இந்த இழையின் ஒரே இலாபம் இதுதான். எடுத்துக்கொண்டேன்.

கைகளை எடுத்த மாணவர்:

வணக்கம். ஆசிரியை இந்த விவாதத்தைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு முறை படித்தேன். ஆய்தம் வரை புரிந்தது.

என் சிக்கல் தீர்ந்துவிட்டது. இறக்கிய அந்தப் பொதியை விட்டுவிட்டேன். அதே மென்பொருள் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருந்தது, கொஞ்சம் பழைய பதிப்பு. அதை நிறுவினேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை. 2.38-ஐ எங்கிருந்தாவது கொண்டுவந்து போடலாமா என்று முதலில் நினைத்தேன். அமைப்பில் கிட்டத்தட்ட எல்லாமே லிப்சியின் மேல் நிற்கிறது, அதில் கைவைக்காதே என்று ஆசிரியை தடுத்துவிட்டார்கள்.

எனக்கு விளங்கியது எந்த இடத்தில் என்றால், அவர்கள் பலகையை அழித்துவிட்டு "இதற்கு அது தேவை, அது இல்லை" என்று சொன்னபோது. 'தேவைப்பொதி' என்று எழுதக் கூடாதா? எது எதற்குத் தேவை என்று யாரும் தலைகீழாகப் படிக்க முடியாது.

வகுப்பாசிரியை:

எனக்குச் சம்மதம். 'நிறைவேறாத சார்புகள்' போய் 'கிடைக்காத தேவைப்பொதிகள்' என்று எழுதிப் பார்த்தேன், வாய் தடுக்கவில்லை.

நிரலர்:

சம்மதம். எதிர்த்திசைக்குச் 'சார்ந்திருப்பவை' என்று விரித்தே எழுதிக்கொள்ளலாம்.

குறள் வாசகர்:

அழகில்லை. ஆனால் சம்மதம்.

ஒருங்கிணைப்பாளர்:

கையேட்டில் தாராளமாக எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்புகளில் சார்பை நான் இப்போது தொடப்போவதில்லை. ஆப்ட் கட்டாயமாகக் கேட்பது ஒன்று, பரிந்துரைப்பது ஒன்று, வெறுமனே யோசனையாகச் சொல்வது ஒன்று என்று பொதியின் விவரக் கோப்பில் பல நிலைகள் உண்டு. தேவைப்பொதி முதல் நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். மற்றவற்றுக்கும் சேர்த்து ஒரு குடும்பமாகச் சொற்கள் வந்தால் பார்ப்போம்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். 'தாங்குபொதி'யே சரி என்ற என் கருத்து மாறவில்லை. தேவை என்பது கேட்பவனின் நிலையைச் சொல்கிறது, கொடுப்பதன் இயல்பைச் சொல்லவில்லை. கேட்பவன் போய்விட்டால் அதற்கு என்ன பெயர்?

வகுப்பாசிரியை:

ஞாயிறு இரவு 11 மணி. கையேட்டின் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டேன். ஒரு மென்பொருளை நீக்கிய பிறகு, அதற்காகத் தானாக வந்து இறங்கி இப்போது யாருக்கும் வேண்டாமல் கிடப்பவற்றை ஆப்ட் பட்டியலிடுமே, அந்தச் செய்தி. நம் சொல்லைப் போட்டு எழுதினேன்:

"பின்வருபவை இனித் தேவையில்லாத தேவைப்பொதிகள்."

ஐயா விழித்திருக்கிறீர்களா?