கடவுச்சொல்லை மாற்றியதிலிருந்து கணக்கு பூட்டப்படுகிறது, உதவி தேவை

ஹட்டன் எழுதுவினைஞர்:
வணக்கம். திங்கட்கிழமை கடவுச்சொல்லை மாற்றினேன். அன்றிலிருந்து என் கணக்கு அடிக்கடி பூட்டப்படுகிறது. தலைமை அலுவலகம் திறந்துவிட்டாலும் மறுபடியும் அதே கதைதான். 10ஆம் திகதிக்குள் தோட்டத்துச் செக்ரோலை (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டை) முடித்துச் சம்பளம் போட வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.

நானுஓயா:
கைபேசியில் அலுவலக மின்னஞ்சல் இருக்கிறதா? பழைய கடவுச்சொல்லோடு அது விடாமல் தட்டிக்கொண்டிருக்கும்; தவறான முயற்சிகள் கூடினால் கணக்கு பூட்டப்படும். நான் பார்த்த பூட்டுகளில் பெரும்பாலானவை கைபேசியால் வந்தவையே.

பண்டாரவளை:
எந்த நேரங்களில் பூட்டப்படுகிறது? வேறு எந்தக் கணினியில் உங்கள் பெயரில் நுழைந்திருக்கிறீர்கள்? முன்பு மாற்றியபோதும் இப்படி நடந்ததா? இவை தெரியாமல் எவராலும் காரணம் சொல்ல முடியாது.

கண்டி மூத்தவர்:
இதை இங்கே பலமுறை விளக்கிவிட்டேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். டொமைன் கொன்ட்ரோலரின் (கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் அலுவலகச் சேவையகத்தின்) பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற கணக்குப் பூட்டு நிகழ்வைத் திறந்தால், தவறான முயற்சி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று அதன் பெயரே இருக்கும். ஊகம் எதற்கு?

பதுளை:
குற்றம் அலுவலகத்தின் கடவுச்சொல் கொள்கையில்தான். காரணமில்லாமல் தவணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அறிவுறுத்தியது. மைக்ரோசொப்டும் 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டது.

கண்டி மூத்தவர்:
கடவுச்சொல் கசிந்தது தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றும் அதே நிஸ்ட் சொல்கிறது. கசிவைக் கண்டறிய வழியில்லாத அலுவலகம் தவணையையும் கைவிட்டால் எதை நம்பி இருப்பது?

பதுளை:
தவணை வைத்தால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பா, ஐயா?

ஹட்டன் எழுதுவினைஞர்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கைபேசியில் மின்னஞ்சல் இல்லை. காலை, மதியம், மாலை என்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரங்களில்தான் பூட்டப்படுகிறது. முன்பு இரண்டு முறை மாற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை.

பண்டாரவளை:
நீங்கள் முதலில் சொல்லாமல் விட்ட இந்த இரண்டு செய்திகளில்தான் விடை இருக்கிறது. தவறாக வரும் கடவுச்சொல், நீங்கள் முன்பு வைத்திருந்த கடைசி இரண்டு கடவுச்சொற்களில் ஒன்றாக இருந்தால், டொமைன் கொன்ட்ரோலர் அதைத் தவறான முயற்சியாக எண்ணுவதில்லை. ஆகவே எங்கோ சேமிக்கப்பட்டுக் கிடக்கும் பழைய கடவுச்சொல் முதல் இரண்டு மாற்றங்களிலும் தப்பிவிட்டு, இந்த மூன்றாவது மாற்றத்தில்தான் எண்ணிக்கையில் விழுந்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் அறைக் கணினியில் தலைமை அலுவலகக் கோப்புறையை உங்கள் பெயரில் இணைத்து வைத்தீர்களா? அங்கே கிரெடென்ஷியல் மனேஜரை (விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் இடத்தை) திறந்து உங்கள் பெயரிலுள்ள பதிவை நீக்கிவிட்டு, அதன்பின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் திறந்தால் அடுத்த நிறுவைக்கே மறுபடி பூட்டப்படும்.

ஹட்டன் எழுதுவினைஞர்:
ஆம், போன வருடம் நானே இணைத்துக் கொடுத்தேன். நீக்கிவிட்டேன். மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்தது, கணக்கு திறந்தே இருக்கிறது. மிக்க நன்றி, ஐயா.