கொளுத்தும் வெயிலில் சோலார் மின்சாரம் குறைவது ஏன்?

மாடிவீட்டுக்காரர்:
மழை விட்டு வானம் பளிச்சென்று தெளிந்த நாளில் சோலார் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் தெரிந்த வாட் அளவு, அனல் பறக்கும் கோடை நண்பகலில் வருவதில்லை. பேனலில் கோளாறா? இன்னொன்று, மின்தடை வந்தால் பேனலும் சேர்ந்து நின்றுவிடுகிறது. தலைக்கு மேல் இவ்வளவு வெயில் இருந்தும் ஏன் இப்படி?

பேனல் பொருத்துநர்:
கோளாறு இல்லை ஐயா. பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. பேனல் என்பது சிலிக்கான் செல் என்னும் சிறு தகடுகளின் தொகுப்பு. ஒவ்வொரு செல்லின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் எப்போதும் இருக்கிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அது ஒரே திசையில் தள்ளுகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். செல் சூடேற ஏற அதுவும் இறங்கும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள்: அதிலுள்ள வாட், செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் டிகிரிக்குச் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். செல் 65 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள், அடியில் காற்று ஓடட்டும் என்று போகுமிடமெல்லாம் மன்றாடுகிறேன்.

மின்தடையில் நிற்பதும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுதுபார்ப்பவர் மீது, தெருக் கம்பி வழியே உங்கள் மின்சாரம் பாயக் கூடாது. அப்போதும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. செலவு கணிசமாகக் கூடும்.

இயற்பியல் ஆசிரியை:
1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல், விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. புகையில்லை, சத்தமில்லை, தேய்ந்துபோக அசையும் உறுப்பும் இல்லை. எனக்கு இது இன்னும் வியப்புதான்.

மாடிவீட்டுக்காரர்:
இருவருக்கும் நன்றி. மாலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது. சின்ன நிழல்தானே, விட்டுவிடலாமா?

பேனல் பொருத்துநர்:
விடாதீர்கள். செல்கள் தொடராக இணைந்தவை. ஒன்று இருண்டாலும் அந்த வரிசை முழுவதும் முடங்கும். உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடு அந்த வரிசையைத் தாண்டி மின்னோட்டத்தைக் கொண்டுபோய் மற்றவற்றைக் காப்பாற்றும். அந்த வரிசையின் உற்பத்தி போனது போனதுதான். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டரை அதற்குள் ஒருமுறையாவது மாற்ற நேரும். அந்தச் செலவோடு நிழல் நட்டத்தையும் ஏன் சுமக்க வேண்டும்? தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் பேனலை நகர்த்துங்கள்.