43 வயதில் வயலின்: பாடத் தெரிந்தால்தான் வாசிக்க வருமா?

கேள்வி: திருவரங்கத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயதாகிறது; பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். சிறுவயதில் வானொலிக் கச்சேரிகளில் கேட்ட வயலின் ஒலி மனத்தை விட்டு நீங்கவே இல்லை. பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகு, சென்ற ஆண்டு விஜயதசமியன்று ஒரு வயலின் வாங்கிக் கற்கத் தொடங்கினேன்.

முதல் நான்கு மாதங்கள் இணையவழி வகுப்பு ஒன்றில் படித்தேன். எந்தச் சுரத்துக்கு எங்கே விரல் வைக்க வேண்டும் என்பதைக் காட்ட வண்ணப் பட்டைகளை ஒட்டச் சொன்னார்கள். இரண்டாவது வாரமே ஒரு திரைப்பாடலின் சுரக்குறிப்பு வந்துவிட்டது. பட்டையைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். பாட்டு ஏதோ வந்தது. ஆனால் தம்புராவை ஒலிக்கவிட்டு வாசித்தபோது ஒரு சுரம்கூட அதனோடு சேரவில்லை.

இப்போது எங்கள் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவரிடம் கற்கிறேன். அவர் முதல் நாளே பட்டைகளை உரித்துப் போட்டுவிட்டார். சரளி வரிசை எனும் தொடக்கச் சுரப் பயிற்சி ஒவ்வொன்றையும் தாளம் போட்டு மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடிக் காட்டினால்தான் வில்லை எடுக்க விடுகிறார். எனக்குக் குரல் வளம் கிடையாது. அவர் முன்னால் பாடுவதே கூச்சமாக இருக்கிறது. வாசிக்கக் கற்க வந்தவளுக்குப் பாட்டு எதற்கு என்று அவரிடம் கேட்க மனம் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். வில் போடும்போது கரகரவென்று வரும் ஒலியை எப்படிப் போக்குவது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: வயலின் ஆசிரியர், கும்பகோணம்

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். உங்கள் ஆசிரியர் செய்வது முற்றிலும் சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீணையில் சுரங்களின் இடத்தைக் காட்டும் குறுக்குக் கட்டைகளான மெட்டுகள் 24 இருக்கின்றன. மெட்டின் மீது விரலை வைத்தால் சுரம் ஏறக்குறைய தன் இடத்தில் நின்றுவிடும். வயலினில் மெட்டு கிடையாது. விரல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சுரம் மாறிவிடும். சரியான இடத்தில் விரல் விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்லக் காது ஒன்றுதான் உண்டு. அந்தக் காது, அடுத்து வர வேண்டிய சுரம் எது என்பதை முன்கூட்டியே மனத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டீர்களா என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ள நீங்கள் வாய் திறந்து பாடுவதைத் தவிர வேறு வழியில்லை. குரல் இனிமையாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. ரிஷபம் (ரி) ரிஷபமாக இருக்கிறதா என்றுதான் கவனிக்கிறார். பட்டை ஒட்டினால் கண் வேலை செய்யத் தொடங்கிவிடும், காது சும்மா இருந்துவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

இந்தக் கருவி நம் இசைக்குள் வந்த விதத்தை எண்ணிப் பார்த்தாலும் இது விளங்கும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களுள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஆனால் நம்மவர்கள் கருவியை வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. நான்கு தந்திகளையும் ஸ ப ஸ ப என்று சேர்த்தார்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையை வலது கணுக்காலின் மேல் ஊன்றி, அடிப்புறத்தை இடது தோளோடு சேர்த்துக்கொண்டார்கள். இதனால் இடது கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு, பாடகரின் தொண்டையைப் போலத் தந்தி நெடுகிலும் வழுக்கிப் போய்வர முடிகிறது. இத்தனை மாற்றங்களும் பாட்டின் பின்னால் போவதற்காகச் செய்யப்பட்டவை. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள லால்குடியைச் சேர்ந்த ஜெயராமன் அவர்களின் (1930–2013) வாசிப்பைக் கேளுங்கள். சாகித்தியத்தின் (பாடல் வரிகளின்) எழுத்து எங்கே விழுகிறதோ அங்கேதான் வில் திரும்பும். பாட்டுத் தெரிந்தவர்கள் கூடவே சொற்களை முணுமுணுத்துவிடுவார்கள்.

தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் ஏன் தொடங்குகிறோம் என்பதையும் சொல்கிறேன். கணக்கு ஆசிரியையான உங்களுக்குப் பிடிக்கும். அந்த ராகத்தில் ஸ ரி க ம என்ற நான்கு சுரங்களுக்கு இடையே உள்ள அதே இடைவெளிகள் ப த நி ஸ என்ற நான்கிலும் அப்படியே இருக்கின்றன. ஷட்ஜத் (ஸ) தந்தியில், விரல் வைக்காத வெறுந்தந்தி ஸ. ஆட்காட்டி விரல், தந்தியை முறுக்கும் பிருடைப் பக்கம் ஒதுங்கி ரி. நடுவிரல் நன்றாக எட்டிப் போய் க. மோதிர விரல் நடுவிரலை ஒட்டினாற்போல் ம. பக்கத்துப் பஞ்சமத் (ப) தந்திக்குக் கையை மாற்றினால் அதே விரல்கள் அதே இடங்களில் விழுந்து ப த நி ஸ ஆகிவிடும். கை ஓர் அமைப்பைக் கற்றால் ஸ்தாயி முழுவதும் வந்துவிடுகிறது.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். சுருதி நன்றாகச் சேர்ந்திருக்கும்போது பஞ்சமத் தந்தியில் மோதிர விரலால் மேல் ஷட்ஜத்தை வாசியுங்கள். விரல் மிகச் சரியான இடத்தில் இருந்தால், வில் தொடாத ஷட்ஜத் தந்தி தானாகவே அதிரும். உற்றுப் பார்த்தால் அந்தத் தந்தி மங்கலாகத் தெரியும். விரல் சற்றே விலகினாலும் அது அடங்கிவிடும். வண்ணப் பட்டை ஒருநாளும் காட்டித் தராத இடம் அது.

இனி கரகரப்பு. வில்லின் குதிரைமயிர், அதில் தேய்க்கும் ரோசின் என்ற பிசினின் பிசுபிசுப்பால் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓரளவு இழுபட்டதும் தந்தி வழுக்கித் திரும்புகிறது. மயிர் மறுபடியும் பற்றுகிறது. வினாடிக்குச் சில நூறு முறை இது நடப்பதைத்தான் நாம் சுரமாகக் கேட்கிறோம். வில் மெதுவாகப் போகும்போது அழுத்தம் மிகுந்தால் தந்தி உரிய நேரத்தில் வழுக்க முடியாமல் திணறும். அதுதான் உங்கள் கரகரப்பு. அழுத்தம் போதாமல் வில் ஓடினால் சீட்டியடிப்பதுபோல் மெலிந்த ஒலி வரும். தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டுக்கு இணையாக வில் போகாமல் கோணினாலும் இரண்டும் மாறி மாறி வரும். ஒரு மாதம் நாள்தோறும் பத்து நிமிடம், இடது கையை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியின் முன் அமர்ந்து வெறுந்தந்திகளில் மட்டும் முழு வில் போடுங்கள். வில்லைப் பிடிக்கும் கட்டைவிரல் விறைத்திருந்தால் மேற்கொண்டு எதுவும் சரியாகாது. முதலில் அதைத் தளர்த்துங்கள்.

மறுமொழி 2: தோல்கருவி மாணவன்

நான் 38 வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கியவன். பாட்டே இல்லாத கருவிதானே என்று நினைத்துத்தான் போனேன். அங்கும் வாய்தான் முதலில் என்றார்கள். தா தீ தொம் நம் என்ற சொற்களைத் தாளத்தோடு சொல்லிக் காட்டியே ஆறு வாரங்கள் ஓடின. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை பூசி, கருவியை மடிக்கு அருகில் இழுத்து வைத்துக்கொண்ட நாள் ஏழாவது வாரத்தில்தான் வந்தது.

அதன் பயன் மூன்றாம் காலத்துக்குப் போனபோதுதான் புரிந்தது. தகதிமி தகஜுணு என்று வேகமாகச் சொல்லும்போது என் நாக்கு ‘ஜுணு’வில் தடுக்கும், வாசித்தால் கையும் அதே இடத்தில் தடுக்கும். வாயில் திருத்திக்கொண்டு வந்தால் கை தானாகத் திருந்தியிருக்கும். அலுவலகம் செல்லும் பேருந்தில் உதட்டை அசைக்காமல் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கருவி முன் அமரக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், வாயால் செய்யும் இந்தச் சாதகம் நமக்கு இருமடங்கு உதவும். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் உட்கார்ந்தது எனக்கு அதிகம் பயன்பட்டது. கூச்சம் இரண்டு மாதத்தில் போய்விடும் சகோதரி, கவலைப்படாதீர்கள்.

மறுமொழி 3: மேற்கத்திய வயலின் பயின்றவர், சென்னை

மேலே எழுதிய கும்பகோணத்துப் பெரியவரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் பட்டைகளைப் பற்றி அவர் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. மேற்கத்திய முறையில் கற்கும் சிறுவர்களுக்குப் பல ஆசிரியர்கள் தொடக்கத்தில் பட்டை ஒட்டுவதுண்டு. எனக்கும் ஒட்டினார்கள், ஆறேழு மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். கை ஒரு சுற்றுவட்டாரத்தைப் பழகிக்கொள்ள அது உதவியது. அதை எடுக்காமலே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ஆனால் பாடிப் பழகுவது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967), குழந்தைகள் கருவியைத் தொடும் முன்பு பாடக் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜப்பானின் வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998), குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்பதுபோல இசையையும் கேட்டுக் கற்கட்டும் என்று ஒரு முறையையே வகுத்தார். அங்கே சுரக்குறிப்பைப் படிப்பது பின்னால்தான் வரும். குரல் எட்டாத மேல் சுரங்களை நீங்கள் கீழ் ஸ்தாயியில் முனகினாலும் போதும் என்று என் ஆசிரியர் சொல்வார். அதை உங்கள் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

திருவரங்கத்து ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டை பற்றிய இரு கருத்துகளையும் படித்தேன். உரித்தது உரித்ததாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கும்பகோணத்து ஐயா சொன்ன சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து முறை பக்கத்துத் தந்தி அசையவே இல்லை. பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு, ப த நி ஸ என்று மெதுவாகப் பாடி, மேல் ஷட்ஜத்தில் தம்புராவோடு சற்று நேரம் நின்றுவிட்டு, அதன் பின் வாசித்தேன். இரண்டாவது முறையிலேயே ஷட்ஜத் தந்தி விளக்கொளியில் பட்டையாக விரிந்து அதிர்ந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வில்லை எடுத்த பிறகும் அந்தத் தந்தி ஒரு கணம் ஒலித்தது.

கரகரப்பு இன்னும் இருக்கிறது. இன்று காலையிலிருந்து கண்ணாடியின் முன் வெறுந்தந்தி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். வில் நுனிக்குப் போகும்போதெல்லாம் குதிரைக்கு இணையாக நில்லாமல் என் பக்கமாகச் சாய்வது தெளிவாகத் தெரிகிறது. முழங்கையை நான் விரிக்காததுதான் காரணமா என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.