ஒரு குடம் எண்ணெயும் லேசுதானா?

கேள்வி: நாலாவது படிக்கிற மகளிடம், எண்ணெய் லேசு, அதான் மிதக்குதுன்னேன். "ஒரு குடம் எண்ணெயும் லேசாம்மா?"ன்னு கேக்குறா. எப்படிப் புரியவைக்க?

பதில் 1: அருமையான கேள்வி அக்கா! முதல்ல எடை போட விடுங்க. ஒரே அளவு, 100 மில்லி: நல்லெண்ணெய் சுமார் 92 கிராம், தண்ணீர் 100, தேன் 140. அளவு ஒன்னு, எடை வேற, அடர்த்தி அதுதான். அப்புறம் கண்ணாடி டம்ளர்ல தேன், மஞ்சள் கலந்த தண்ணீர், எண்ணெய்னு வரிசையா ஊத்துங்க. தண்ணீரைக் கரண்டி முதுகுல மெதுவா விடணும். ஒரு திராட்சையைப் போட்டா தேன் மேல நிக்கும்.

பதில் 2: கடைசியா கலக்கச் சொல்லுங்க. தேன் கரைஞ்சிடும், எண்ணெய் மறுபடி மேல வரும். கலக்காம இருக்கிறது வேற குணம், மிதக்கிறது வேற. இதைப் பலர் குழப்பிடறாங்க.

கேட்டவர்: உப்புத் தண்ணில முட்டை மிதக்குறதும் இதேதானா?

பதில் 1: அதேதான். உப்பைக் கொஞ்சங்கொஞ்சமா அவளே போடட்டும்.