பழைய கேஸ் கிரில் வாங்கிச் சரிசெய்து விற்றால் கட்டுப்படியாகுமா?

கோத்தகிரி_அடுப்பு:

கிரில் என்றதும் ஜன்னல் கிரில் என்று நினைத்துவிட வேண்டாம், மூடி போட்டு, அடியில் சக்கரம் வைத்து, பார்பிக்யூ சுடுவார்களே, அந்த கேஸ் கிரில்.

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கேஸ் அடுப்பு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 11 வருடமாக பர்னர் குத்துவதும் குக்கருக்கு வாஷர் மாற்றுவதும்தான் பிழைப்பு. ஏப்ரலில் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ராணுவ ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸ் முடிந்து ஊர் மாறிப்போன ஒரு குடும்பம், வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய இரண்டு கிரில்லை, இரண்டும் சேர்த்து 7,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டேக்காரர் ஒருவர் நல்லதாக ஒன்று கொடுத்தால் 15,000 தருகிறேன் என்கிறார். அட, இதையே தொழிலாகப் பண்ணலாமே என்று ஆசை வந்துவிட்டது.

ஆனால் வேலையை ஆரம்பித்ததும்தான் தெரிகிறது, இது அடுப்பின் பெரியப்பா. முதல் கிரில்லில் மூன்று பர்னர். இரண்டு சரியாக எரிகிறது, மூன்றாவதைத் திருப்பினால் மேலே தீ வராமல் திருப்புகிற குமிழுக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று வருகிறது, ஒரு குமிழ் உருகியே விட்டது. இரண்டாவது கிரில்லில் பார்க்க எந்தக் குறையும் இல்லை, பற்றவைத்தால் மட்டும் மஞ்சளாக ஒரு அடி உயரத்துக்கு எழும்புகிறது, புருவம் கருகாமல் தப்பியது. கேஸ் பீய்ச்சுகிற சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. பிசுக்குப் போகட்டும் என்று முதல் கிரில்லின் அடிப்பெட்டியை ராத்திரி காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் நுரைத்து வழிந்து, உலோகம் கன்னங்கரேல் என்று ஆகி, அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி குழி. அது போச்சா, இல்லை தேறுமா? அப்புறம் இந்தத் தொழில் மலையில் ஓடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொடை_பழசு:

தம்பி, நான் கொடைக்கானலில் ஆறு வருடமாக இதைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இங்கே 1845லேயே அமெரிக்க மிஷனரிகள் வந்து பங்களா கட்டிக்கொண்டார்கள், 1901ல் அவர்கள் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் இன்றைக்கு இருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல். அதனால் வெளிநாட்டுச் சாமான் வருவதும் போவதும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. உங்கள் பக்கத்தில் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், அதைவிட நல்ல ஊற்று வேண்டாம்.

முதலில் அந்தக் குமிழுக்குப் பின்னால் வரும் தீ. இனிமேல் அதைப் பற்றவைத்துப் பார்க்காதீர்கள். பர்னரைக் கழற்றி, ஜெட் நுழைகிற வாயைச் சூரியனைப் பார்க்கப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை இருக்கும், இல்லையென்றால் குளவி மண் அப்பியிருக்கும். சும்மா கிடக்கிற கிரில்லில் அந்தக் குழாய்தான் பூச்சிகளுக்கு வீடு. கேஸ் உள்ளே போக வழியில்லாமல் வாய்ப்பக்கமே திரும்பி வந்து எரிகிறது. பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையும் விட்டுச் சுத்தம் பண்ணினால் போதும், எட்டணா செலவில்லை. விற்றவருக்கு இது தெரியாது, கிரில்லே போச்சு என்று நினைத்துத்தான் மலிவாகக் கொடுத்திருப்பார். நான் வாங்கியதில் பாதி இந்த ரகம்தான்.

இரண்டாவது வேறு கதை. உள்பக்கமோ பின்பக்கமோ ஒரு தகட்டில் மாடல் எண்ணோடு என்ன கேஸ் என்று அடித்திருப்பார்கள், பாருங்கள். நேச்சுரல் கேஸ் என்று இருந்தால் புதிர் தீர்ந்தது. அது குழாயில் வருகிற மீத்தேனுக்குச் செய்தது, அழுத்தமும் குறைவு, ஜெட் ஓட்டையும் பெரிசு. நம் எல்பிஜி அதே கன அளவில் இரண்டரை மடங்குக்கு மேல் சூடு உள்ளது. அது அந்தப் பெரிய ஓட்டை வழியாக வந்தால் ஒரு அடி என்ன, அதற்கு மேலும் எழும்பும். அதே மாடலுக்கு எல்பிஜி ஜெட் செட் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் அந்தக் கிரில்லை உடைத்துப் பாகமாக விற்றுவிடுங்கள். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துக் குத்துமதிப்பாகத் திரும்பத் துளை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

தகட்டில் எல்பிஜி என்றே இருந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க எல்பிஜி கிரில் 28 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்தது, நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30, அதனால் பொருந்திவிடும். டீக்கடை அடுப்புக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் இதே மாதிரிதான் எழும்பும்.

காஸ்டிக் சோடா விஷயத்தில் உங்களைத் திட்டப் போவதில்லை, நானும் ஒன்றை இப்படி முடித்திருக்கிறேன். அந்தப் பெட்டி அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காதது உங்கள் நல்ல நேரம். இரும்பு வார்ப்புக் கம்பிகளுக்கு மட்டும் காஸ்டிக், அதுவும் கையுறை போட்டு. அலுமினியத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும், பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும்தான். குழி மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துவிட்டு விற்கலாம், கையால் அழுத்தினால் வளைகிற அளவுக்கு மெலிந்திருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

மூடியின் உள்பக்கம் கருப்பாகச் செதில் செதிலாக உரிந்தால் பெயிண்ட் உரிகிறது என்று வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது பெயிண்ட் இல்லை, வருடக்கணக்காகப் புகையும் கொழுப்பும் ஏறிக் கரியானது. சுரண்டிவிட்டுக் காட்டுங்கள்.

வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 304 ரக எஸ்.எஸ். (எவர்சில்வர்) என்றால் காந்தம் அநேகமாக ஒட்டாது, 430 என்றால் ஒட்டும். நம் பனியிலும் மூடுபனியிலும் 430 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், விலையை அதற்குத் தகுந்த மாதிரி பேசுங்கள். பர்னர், அதற்கு மேல் கூடாரம் மாதிரி கவிழ்த்து வைக்கிற தகடு, சுடுகிற கம்பி, இந்த மூன்றும் மாற்றக்கூடியவை, ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. பெட்டியும் வால்வு வரிசையும்தான் உயிர். வால்வைத் திருப்பும்போது மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் உயரம். கொடை 2,133 மீட்டர், ஊட்டி 2,240, உங்கள் ஊர் 1,800க்குக் கொஞ்சம் குறைவு. இங்கே காற்று கீழே இருப்பதில் நாலில் மூன்று பங்கு சொச்சம்தான், பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். காற்று பற்றாமல் தீ நுனி மஞ்சளாகும், கம்பியில் கரி பிடிக்கும். பர்னர் வாயில் காற்றுத் தகடு இருந்தால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திறந்து வையுங்கள், தீ நீலமாகி லேசாக நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் சரி. இது தெரியாமல் சமவெளியில் சரிசெய்து கொண்டுவந்து இங்கே விற்று, வாங்கினவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

லேத்_மேட்டுப்பாளையம்:

கொடை அண்ணன் சொன்னதில் எல்லாம் சரி, ஜெட் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஈயம் வைத்து அடைப்பது தப்புதான், சூட்டில் இளகிவிடும். ஆனால் புதுப் பித்தளைக் கம்பியில் அதே மரை போட்டு, அதே அளவு பர்னருக்கு வருகிற எல்பிஜி ஜெட்டை வைத்து ஓட்டையை அளந்து, மைக்ரோ டிரில்லில் நான் செய்து தந்தது ஒன்றுகூட திரும்பி வந்ததில்லை. கையால் குத்தக்கூடாது, டிரில் இம்மி விலகினாலே தீ கோணலாகப் போகும். அளவு தெரியாமல் செய்யச் சொன்னால் நானும் செய்ய மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையானால் நிறையப் பேர் கையில் கிடைக்கிற ஜி.ஐ. தகட்டை வெட்டி வைத்துவிடுகிறார்கள். தீக்குப் பக்கத்தில் ஜி.ஐ. வேண்டாம் ங்ணா. மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு சூடேறினால் புகையும், வெல்டிங் பட்டறையில் அதை முகர்ந்துவிட்டு ராத்திரி குளிர்காய்ச்சலில் கிடந்தவர்களைக் கேளுங்கள். சாதா இரும்புத் தகடோ எஸ்.எஸ். தகடோ போடுங்கள். பெயிண்டும் அப்படித்தான், வண்டி சைலன்சருக்கு அடிக்கிற 600 டிகிரி தாங்குகிற ரகம், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். சாப்பாடு படுகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் கூடாது.

குன்னூர்_ஹோம்ஸ்டே:

விற்கிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வாங்கி ஏமாந்தவள் ஒருத்தி பேசட்டும். போன சீசனுக்கு முன்னால் இப்படி ஒரு பழைய கிரில்லை 12,000 கொடுத்து வாங்கினேன். கண்ணைப் பறிக்கிற கருப்பு, புதுசு மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் கம்பியில் அடித்த பெயிண்ட் பன்னீரில் ஒட்டிக்கொண்டு வந்தது. விருந்தாளி போட்டோ எடுத்து விமர்சனத்தில் போட்டுவிட்டார், அது இன்னமும் இருக்கிறது. விற்றவர் போன் எடுப்பதில்லை.

அதனால் தம்பி, எனக்கு மினுமினுப்பு வேண்டாம். இரும்புக் கம்பியைத் தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்கிக் கொடுங்கள். எல்லா பர்னரையும் என் கண் முன்னால் பற்றவைத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துக் காட்டுங்கள். டியூப்பும் ரெகுலேட்டரும் புதுசு, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். எலி எங்கள் வீட்டில் சாதா ரப்பர் டியூப்பை இரண்டு முறை கடித்திருக்கிறது, உள்ளே கம்பி ஓடுகிற ஆரஞ்சு டியூப் போட்டபிறகுதான் நிம்மதி. எலிக்குப் பயந்து சிலிண்டர் வைக்கிற கீழ்ப்பெட்டியைப் பலகை அடித்து மூடுகிறவர்களும் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், அந்த இடைவெளி திறந்தே இருக்க வேண்டும்.

சிலிண்டர் பற்றி வாங்குகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹோம்ஸ்டேயில் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் போட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், வணிகச் சிலிண்டர்தான் போட வேண்டும். 5 கிலோ சின்னது தூக்க வசதி என்று நானும் வாங்கினேன், டிசம்பர் ராத்திரியில் பாதி தீர்ந்ததும் தீ சுருங்கிவிடுகிறது. உள்ளே கேஸ் இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். கொழுப்பு சொட்டுகிற தட்டு எளிதாகக் கழன்று வருகிற மாதிரி வைத்துக் கொடுங்கள். ஒரு ராத்திரி அதைக் காலி பண்ண மறந்துவிட்டோம், கரடி வந்து கிரில்லையே சாய்த்துப்போட்டுத் தட்டை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. கோத்தகிரிக்காரருக்கு நான் கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கொடை_பழசு:

அக்கா சொன்ன சின்னச் சிலிண்டர் விஷயத்துக்குக் காரணம் எல்பிஜியில் கலந்திருக்கிற பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாகவே மறுக்கும். கேஸ் வெளியேற வெளியேற சிலிண்டர் இன்னும் குளிரும். பெரிய சிலிண்டரில் இந்தத் தொல்லை குறைவு. வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது எல்லாம் உயிரோடு விளையாட்டு. கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 30,000 பிடியூ (சூட்டின் அளவு) தருகிற கிரில்லை முழுத் தீயில் விட்டால் மணிக்கு 640 கிராம் போல் குடிக்கும், 5 கிலோ எட்டு மணி நேரம்கூடத் தாங்காது.

தம்பி கேட்ட முக்கியமான கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. என் கணக்கு: வாங்குவது 3,000 முதல் 4,000. பர்னர், தகடு, டியூப், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 4,000க்கு மேல் போகும். இரண்டு நாள் கை வேலை. விற்பது 12,000 முதல் 14,000. லாபம் மோசமில்லை, ஆனால் வருடத்துக்கு எட்டோ பத்தோ கிரில்தான் கையில் சிக்கும். வாங்க ஆள் இருக்கிறது, சரக்கு இல்லை. கடையை மூடிவிட்டு இதில் இறங்காதீர்கள், கடையோடு சேர்த்துப் பண்ணுங்கள். ஏப்ரலில் வாங்கி மழையில் வேலை பார்த்து செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு விற்க வேண்டும்.

கோத்தகிரி_அடுப்பு:

அண்ணே, குளவிதான்! சுண்டுவிரல் அளவு மண் கூடு, உள்ளே காய்ந்த பச்சைப்புழு வேறு. ஸ்போக்ஸ் விட்டு எடுத்ததும் மூன்றாவது பர்னர் நீலமாக எரிகிறது. இரண்டாவது கிரில்லின் தகட்டில் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் நேச்சுரல் கேஸ் என்றே இருக்கிறது, 11 வருட அனுபவம் ஒரு தகட்டைப் படிக்கவில்லை. மாடல் எண்ணை வைத்து ஜெட் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்துக்கு அளவோடு வருகிறேன்.

காஸ்டிக்கில் போன பெட்டி அழுத்தினால் வளைகிறது. ஆனால் இரண்டு கிரில்லும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஜெட் கிடைக்காவிட்டால் இரண்டாவதின் பெட்டியில் முதலாவதின் வால்வு வரிசையையும் பர்னரையும் ஏற்றி ஒன்றாக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. துளை எல்லாம் பொருந்துகிறது, வைத்துப் பார்த்துவிட்டேன். 7,000க்கு ஒரு கிரில் என்று கணக்குப் போனால் லாபம் ஆயிரமோ இரண்டாயிரமோதான் மிஞ்சும்.

குன்னூர் அக்கா, முடிந்ததும் சொல்கிறேன், வந்து பற்றவைத்துப் பாருங்கள். கம்பியில் பெயிண்ட் இல்லை, நல்லெண்ணெய்தான்.

குன்னூர்_ஹோம்ஸ்டே:

வருகிறேன். சோப்புத் தண்ணீர் நானே கொண்டுவருகிறேன்.