பழைய மொபைல் ஹோம் பார்க்ல பைப்லைன் மாத்தணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல எங்க ஊர் பக்கம் ஒரு மொபைல் ஹோம் பார்க் (ஃபேக்டரில செஞ்சு கொண்டு வந்து வச்ச வீடுங்க இருக்கற குடியிருப்பு), குடியிருக்கறவங்களே கோ-ஆப்பரேட்டிவா சேர்ந்து நிலத்தை வாங்கி நடத்துறாங்க, இந்த மாநிலத்துல 1984லயே ஆரம்பிச்ச வழக்கம் இது. நான் சிவில் என்ஜினியர்ங்கறதால வாலன்டியரா கூட நிக்கறேன்.

தண்ணி பைப், சாக்கடை லைன் எல்லாம் பார்க் ஆரம்பிச்சப்ப போட்டது, குளிர்காலம் வந்தா எங்கயாவது உடைஞ்சிடுது, உறைஞ்ச மண்ணைத் தோண்டி சரி பண்றதுக்குள்ள பாதி வீட்ல தண்ணி இருக்காது. பல வீடுங்க 1976 ஜூன்ல ஹட் (HUD, மத்திய அரசோட வீட்டுவசதித் துறை) இந்த மாதிரி வீடுங்களுக்குப் போட்ட கட்டுமான விதி வர்றதுக்கு முன்னாடி செஞ்சது, நகர்த்தினா தாங்காது, அதனால வீட்டை அசைக்காமதான் வேலை நடக்கணும்.

லாட் வாடகை (வீடு நிக்கற இடத்துக்குக் கட்டற வாடகை) ஏறிடுமோன்னு எல்லாருக்கும் பயம், பென்ஷன்ல இருக்கற பெரியவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. மீட்டிங்ல ப்ளானை ஸ்கிரீன்ல போட்டா யாரும் வாயே திறக்கல, அதையே பெரிய பிரிண்ட் எடுத்து மெயில் பாக்ஸ் பக்கத்துல டேபிள்ல விரிச்சு வச்சப்ப ஒரு அம்மா வந்து, வால்வு இங்க இல்ல, என் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்குன்னு பேனாவால குறிச்சுக் குடுத்தாங்க. இவங்களை விட்டுட்டு முடிவெடுக்கவே கூடாதுங்க.

தெருத் தெருவா பிரிச்சு வேலை பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? தற்காலிகத் தண்ணி லைன் எப்படி குடுத்தீங்க? ஹட்டோட ப்ரைஸ் கிராண்டுக்கு (PRICE, இந்த மாதிரி பார்க்குகளுக்கான மானியம்) அப்ளை பண்ணவங்க இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. இந்த வேலையைப் பத்தி கோ-ஆப்ல முடிவெடுக்கறப்ப நைட் ஷிஃப்ட் போறவங்களையும் ஓட்டுப் போட வைக்க என்ன பண்ணலாம்? ட்ராயிங் அனுப்பறேன், வாரக்கடைசில போன்ல பேசவும் ரெடி.